மேலப்பாறை ஏர்போர்ட், ஐந்தாம் பதிப்பு

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. சவரிமுத்து சம்சாரம்னு கேட்டுக்கு வெளியிலயே சொல்லிட்டீங்க. சொன்னப்புறமும் உள்ள வாங்கன்னேன் பாருங்க, அதை மனசுல வச்சுக்கங்க. வேற ஆளா இருந்தா அப்படியே திருப்பி அனுப்பியிருப்பான்.

பேரு என்னம்மா? செலினா. சரி. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். திங்கக்கிழமை ஏர்போர்ட்ல உங்க வீட்டுக்காரருக்கு விசாரணை. நான் எழுதிப் போட்ட மனுவாலதான் விசாரணை. அதை வாபஸ் வாங்கச் சொல்லிக் கேக்க வந்திருக்கீங்க, கையில ஒரு பேப்பர் வேற இருக்கு. இருக்கட்டும், அப்புறம் பார்ப்போம். முதல்ல அவர் என்ன செஞ்சார்னு உங்களுக்குத் தெரியணும். வீட்டுல சொல்லியிருக்க மாட்டார். கம்ப்யூட்டர்ல ஏதோ ப்ளேன் விளையாட்டுன்னு சொல்லியிருப்பார். விளையாட்டு இல்ல அது.

இந்தத் திரையைப் பாருங்க. இதான் மேலப்பாறை ஏர்போர்ட். வீட்டுல உக்காந்தே விமானம் ஓட்டறதுக்கு ஒரு மென்பொருள் இருக்கு, சிமுலேட்டர்னு பேரு. உலகத்து ஏர்போர்ட் எல்லாம் அதோடயே வரும். ஆனா நம்ம மாதிரி சின்ன ஊருக்கு என்ன வச்சிருப்பான்? ஒரு கறுப்புக் கோடு, பக்கத்துல ஒரு பெட்டி. எல்லாச் சின்ன ஊருக்கும் அதே பெட்டிதான். நம்ம ஊரு அச்சு அசலா வேணும்னா யாராவது ஒருத்தன் உக்காந்து ஒவ்வொண்ணா கட்டணும். கட்டடம், மரம், கம்பிவேலி, விளக்குக் கம்பம், எல்லாம். அதுக்குப் பேரு சீனரி. மேலப்பாறையைக் கட்டினவன் நான். ஆறு வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன், நாலு பதிப்பு வந்தாச்சு. முனிசிபாலிட்டியில முப்பத்தோரு வருஷம் வரைவாளரா இருந்தவன், கோடு போட எனக்கு எவனும் சொல்லித்தர வேண்டாம். இதுக்குன்னே இணையத்துல எங்க குழு ஒண்ணு இருக்கு, அதுல எண்ணூறு பேர் இருக்காங்க. எல்லாருக்கும் நான் கேப்டன் குருபரன்தான்.

இல்லம்மா, நான் விமானத்துல போனதில்ல. கேப்டன்னு அவங்களா கூப்பிடறாங்க. நான் வேண்டாங்கல.

உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் முன்னாடி குழுவுல சேர்ந்தார். முதல் நாளே ஒரு கேள்வி. "ஐயா, நான் வச்ச கட்டடம் ஆகாயத்துல மிதக்குது, என்ன செய்யட்டும்?" எண்ணூறு பேர் சிரிச்சோம். அப்புறம் போனாப் போகுதுன்னு சொல்லிக் கொடுத்தேன். நிலத்துக்குன்னு சிமுலேட்டர்ல ஒரு உயரம் இருக்கு, நீ கட்டடத்துக்கு ஒரு உயரம் எழுதி வச்சிருக்க, ரெண்டும் ஒத்துப்போகலைன்னா ஒண்ணு மிதக்கும், இல்ல புதைஞ்சு போகும். சுருக்கு வழி என்னன்னா, மொத்த ஏர்போர்ட்டையும் ஒரே உயரத்துக்குத் தட்டையாக்கிடு. நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன். உலகத்துல பாதிப் பேர் அப்படித்தான் செய்யறான். சொன்னதைக் கேட்டுட்டு பேசாம போகலாம்ல? "ஐயா, நம்ம ரன்வே தட்டை இல்லையே, நடுவுல மேடா இருக்கே. கிழக்குக் கோடியில நின்னு பார்த்தா மேற்குக் கோடியில உக்காந்திருக்கிற காக்காவோட தலைதான் தெரியும், கால் தெரியாது"ன்னு எழுதறார். என்கிட்ட. காக்காக் கணக்கு.

எனக்கு அப்ப தெரியாது, அவருக்கு அங்க வேலையே அதுதான்னு. ரன்வேல பறவை வந்து உக்காராம வெடி போட்டு விரட்டற வேலை. ஒப்பந்தக் கூலி. நீங்க தலையை ஆட்டறீங்க, உங்களுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லல.

இன்னொண்ணு கேளுங்க. நாங்க வானத்துலேர்ந்து எடுத்த படத்தை வச்சு, அது மேல கோடு போட்டுத்தான் கட்டடத்தை நிறுத்துவோம். அந்தப் படத்தைச் சாய்வா எடுத்திருப்பான். அதுல உயரமான கட்டடத்தோட கூரை ஒரு பக்கமா சரிஞ்சு தெரியும். புதுசா வர்றவன் எல்லாம் கூரையைச் சுத்திக் கோடு போட்டுட்டு, கட்டடம் இடம் மாறி நிக்குதேன்னு அழுவான். கூரையைப் பார்க்கக் கூடாது, சுவர் தரையைத் தொடற இடத்தைப் பார்க்கணும். இதை நான் குழுவுல நூறு தடவை எழுதியிருக்கேன். உங்க வீட்டுக்காரர் என்ன செஞ்சார் தெரியுமா? "கேப்டன் ஐயா, உங்க கண்ட்ரோல் டவர் ஒன்பது மீட்டர் வடக்கே தள்ளி நிக்குது, கூரையைப் பிடிச்சுட்டீங்க போலிருக்கு"ன்னு எல்லாரும் பார்க்கப் போட்டார். பெரிய கண்டுபிடிப்பு. அது தப்பில்லம்மா. பார்வைக்கு எடுப்பா இருக்கட்டும்னு நானே தள்ளி வச்சது.

மரத்துக்கும் அதே கதை. படத்துல பச்சையா எங்க தெரிஞ்சாலும் சிமுலேட்டர் தானா மரம் நட்டுடும், ரன்வே நடுவுலகூட நட்டுடும். அதனால இதுக்குள்ள எதுவும் முளைக்கக் கூடாதுன்னு ஒரு விலக்குக் கட்டம் போடணும். நான் பாதுகாப்பா இருக்கட்டும்னு சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குப் போட்டேன். மரம் போச்சு, கூடவே வீடுகளும் போச்சு. உங்க காலனியும் அதுக்குள்ளதான் வருது, தெரியும். அதுக்கும் ஒரு புகார். "ஐயா, எங்க வீடு இருக்கிற இடத்துல வெறும் மண்ணு இருக்கு." மேல பறக்கறவனுக்கு உங்க காலனி எதுக்கும்மா? அவன் இறங்கப் பார்ப்பானா, உங்க காலனிய எண்ணுவானா?

தண்ணி வேணுமா? வேண்டாமா? சரி.

அப்புறம்தான் ஒரு நாள் அவரே சொந்தமா ஒரு மேலப்பாறையைப் போட்டார். என் ஊருக்கு, என் ஏர்போர்ட்டுக்கு, நான் இருக்கறப்பவே. ரெண்டு பேரோடதையும் ஒரே கம்ப்யூட்டர்ல போட்டவனுக்கெல்லாம் ஒரு டவருக்குள்ள இன்னொரு டவர் நிக்குது. ஆளாளுக்கு என்னைக் கேக்கறான். நான் சொன்னேன், அதுக்கு ஒரே மருந்து, சவரிமுத்து கோப்பை எடுத்துக் கடாசு. சிமுலேட்டர்ல எந்தக் கோப்போட பேரு அகர வரிசையில முன்னாடி வருதோ அதுதான் மேல நிக்கும். என் கோப்புப் பேருக்கு முன்னாடி மூணு ஏ போட்டேன். அவர் நாலு போட்டார். நான் ஆறு போட்டேன். அதுக்கப்புறம் அவர் போடல. பயந்துட்டார்.

இப்ப சொல்றேன் கேளுங்க, எனக்கு எங்க வலிச்சதுன்னு. மறைக்க மாட்டேன். குழுவுல ஒரு நிஜ பைலட் இருக்கார். வாரத்துல மூணு நாள் மேலப்பாறையில நிஜமாவே இறங்கறவர். ஆறு வருஷமா நான் போட்டதுக்கு ஒரு கட்டை விரலைத் தவிர எதுவும் போடாத மனுஷன். உங்க வீட்டுக்காரர் போட்ட அன்னிக்கு ஒரு பத்தியே எழுதினார். "சவரி, அந்த மேட்டை எப்படிப் பிடிச்சீங்க? இறங்கறப்போ அப்படியே கைக்குத் தெரியுது. கேப்டனோடது அழகா இருக்கும், ஆனா கேரம் போர்டு மேல இறங்கற மாதிரி இருக்கும்." கேரம் போர்டு. ஆறு வருஷம்மா. எனக்கு வயிறு எரிஞ்சுது. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. ஆனா மனு எழுதினது அதுக்காக இல்ல. அதை நீங்க தெளிவாப் புரிஞ்சுக்கணும். மனு எழுதினது நியாயத்துக்காக.

எப்படின்னா, எவனாவது திருடினா பிடிக்கறதுக்கு நான் என் சீனரியில ஒரு பொறி வச்சிருக்கேன். மேற்கு வேலி ஓரமா ஒரு தண்ணித் தொட்டி. மஞ்சள் கலர். நிஜத்துல அங்க தொட்டியே கிடையாது, நானா வச்சது. யாராவது தொட்டியோட வந்தா காப்பி அடிச்சவன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரர் சீனரியைத் திறந்து பார்க்கறேன், தொட்டி நிக்குது. கையும் களவுமா மாட்டினார். அன்னிக்கே எண்ணூறு பேர் முன்னாடி திருடன்னு எழுதினேன்.

நீலத் தொட்டிதான். ஆமா, அறுபது மீட்டர் தள்ளித்தான் இருக்கு. அதனால என்ன? திருடறவன் பெயிண்ட் மாத்த மாட்டானா? இடம் மாத்தி வைக்க மாட்டானா?

அதுக்கு அவர் என்ன பதில் போட்டார்னு தெரியுமா? "ஐயா, தொட்டி நிஜமாவே இருக்கு. போன வருஷம் கட்டினாங்க. தினமும் அதுலதான் நான் தண்ணி பிடிக்கிறேன்." அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. ஓஹோ, இவன் உள்ள வேலை செய்யறவனா? அப்ப உள்ள போட்டோ எடுத்திருக்கான். ஏர்போர்ட்டுக்குள்ள போட்டோ எடுக்கறது எவ்வளவு பெரிய குற்றம்னு உங்களுக்குத் தெரியுமா? வடிகால் மேல பதினாலு சிமெண்ட் பலகை போட்டிருக்கான், அதுல நாலாவது பலகை உடைஞ்சிருக்கு. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு காட்டற துணிக்குழாய் இருக்கே, அதோட கம்பம் தெற்கே வளைஞ்சிருக்கு. இதெல்லாம் வெளியிலேர்ந்து தெரியுமா? மறுநாளே மனு எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பினேன்.

நடந்து அளந்தாரா? மூணு எட்டு வச்சா ரெண்டு மீட்டர். அதைக் குழுவுலயும் சொன்னார். வெடிப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு தினமும் நாலு தடவை நடக்கறாராம், எட்டு எண்ணிக்கிட்டே நடப்பாராம், வீட்டுக்கு வந்து எழுதி வச்சுக்குவாராம். போன் உள்ள கொண்டு போகவே விடமாட்டாங்களாம். நான் நம்பல. அங்க இருக்கற அதிகாரியும் நம்பல, அதான் உள்ள போற பாஸைப் பிடுங்கி வச்சுட்டாங்க. காலால அளந்து இவ்வளவு துல்லியமா ஒருத்தன் கட்டுவானா?

என்ன? என்ன கேட்டீங்க? திருப்பிச் சொல்லுங்க.

காப்பியா, போட்டோவா, ரெண்டுல எதுன்னா... ரெண்டும்தான். ரெண்டும் எப்படி முடியும்னு கேட்டா என்ன சொல்றது. என்னைப் பார்த்துக் காப்பி அடிச்சிருந்தா உள்ள எதுக்குப் போட்டோ எடுக்கணும், போட்டோ எடுத்திருந்தா என்கிட்ட எதுக்குத் திருடணும். பேச நல்லாத்தான் இருக்கு. ரெண்டுல ஒண்ணு நான் சொன்னது பொய்ங்கறீங்க. பொம்பளை வீட்டுக்கு வந்திருக்கீங்களேன்னு பொறுமையா இருக்கேன்.

போய்ப் பார்த்திருக்கலாமேன்னு நீங்களும் ஆரம்பிக்காதீங்க. பதினோரு கிலோமீட்டர்தான், பஸ் இருக்கு, எல்லாம் எனக்குத் தெரியும். போனேன். ஒரு தடவை போனேன், மூணாம் பதிப்பு வந்த சமயம். வாசல்ல துப்பாக்கி வச்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கறான். டிக்கெட்டுங்கறான். இல்லப்பா, சும்மா உள்ள பார்த்துட்டு வந்துடறேன்னேன். டிக்கெட் இல்லாம உள்ள விட முடியாது, ஓரமா நில்லுங்கங்கறான். என் பின்னாடி ஒரு கல்யாணக் கூட்டம், பொட்டியை வச்சுக்கிட்டு இடிக்குது. அந்த வாசலுக்குப் பின்னாடி எத்தனை தூண் இருக்குன்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியுமா? பன்னெண்டு. பதினொண்ணுன்னு உங்க வீட்டுக்காரர் போட்டிருக்கார், அது வேற விஷயம். அன்னிக்குத் திரும்பி வந்தவன்தான், அந்தப் பக்கமே போகல. எனக்கு என்ன அவசியம்? என் ஏர்போர்ட் இதோ மேசை மேல இருக்கு. ஆனா வெடி போடற ஒருத்தன் கழுத்துல பாஸை மாட்டிக்கிட்டு தினமும் அதுக்குள்ள போயிட்டு வந்துக்கிட்டு இருந்தான். அது எந்த ஊர் நியாயம்?

சரி, அழாதீங்க. அழல, சரி. பேப்பரைக் கொடுங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்ப்போம்.

"மேலப்பாறை விமான நிலையச் சீனரியில் சவரிமுத்து வைத்துள்ள யாவும்..." இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன். "யாவும் எனது சீனரியிலிருந்து நகல் எடுக்கப்பட்டவை. நிலைய வளாகத்தினுள் அவர் எதையும் படமெடுக்கவோ அளக்கவோ இல்லை. என் மனு தவறான அனுமானத்தில் அளிக்கப்பட்டது."

நகல் எடுக்கப்பட்டவை. இதை யார் எழுதினது? அவரேவா? அவர் கையெழுத்தா இது? கீழ அவரும் கையெழுத்துப் போட்டிருக்காரே. "கேப்டன் குருபரனிடமிருந்து திருடியதை ஒப்புக்கொள்கிறேன்." குழுவுலயும் போட்டுட்டாரா? எப்ப, காலையிலயா? இருங்க, பார்க்கறேன். ஆமா, போட்டிருக்கார். நூத்தி இருபது பேர் பார்த்துட்டான். அந்த பைலட்டும் பார்த்துட்டார். ஒண்ணும் எழுதல. எழுத மாட்டார், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதுவார்?

இதைத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். ஒத்துக்கிட்டா போச்சு. இதை ஒரு மாசம் முன்னாடியே செஞ்சிருந்தா மனுவே போயிருக்காதே. நான் ஒண்ணும் கல் மனசுக்காரன் இல்ல. வேலை போனா ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு என்ன செய்வீங்கன்னு எனக்கும் தெரியும். பேனா கொடுங்க.

இருங்க. ஒரு சிக்கல் இருக்கு.

கீழ ஒரு பட்டியல் போட்டிருக்கே. ரன்வே நடுவில் உள்ள மேடு, வடிகால் பலகை பதினான்கு, வளைந்த கம்பம், நீலத் தொட்டி. இதெல்லாம் என்கிட்டேர்ந்து எடுத்ததுன்னு இருக்கு. என்கிட்ட இதெல்லாம் இல்லையேம்மா. என்னோடது தட்டை. வடிகாலே நான் போடல. விசாரணையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பேன்னு அந்த அதிகாரி சொல்லியிருக்காராமே. என்கிட்ட இல்லாததை என்கிட்டேர்ந்து எடுத்தான்னு நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? அது பொய்யாயிடும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல ஒரு பொய் வரைபடத்துல நான் கையெழுத்துப் போட்டதில்ல. மன்னிச்சுக்கங்க.

என்ன இது? பென் டிரைவா?

அவரே கொடுத்து விட்டாரா. கேப்டன் இதைத்தான் சொல்வார்னு சொன்னாரா. புத்திசாலிதான். இருங்க, போட்டுப் பார்க்கறேன். வைரஸ் ஏதும் இல்லையே?

ம்.

ம்... மேடு எங்கேர்ந்து எழும்புதுன்னே தெரியல பாருங்க. நடுவுலதான் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. எண்பது எடத்துல உயரம் எழுதி வச்சிருக்கார். எண்பதா? நூத்திப் பத்து. ஒவ்வொண்ணுக்கும் எட்டு எண்ணியிருக்கார். இது உங்க காலனி. ஏழாவது வீட்டுல பச்சைக் கேட்டு போட்டிருக்கே, அது உங்க வீடா? மாடியில துணி காயுது பாருங்க. துணி வரைக்கும் போட்டிருக்கார் மனுஷன். மேல ஒட்டியிருக்கிற படம் கொஞ்சம் மட்டம்தான், ஒரு புதருக்கு எதுக்கு இவ்வளவு பெரிய படம், கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அதை நான் குறைச்சுக்கறேன். ஆனா பரவாயில்ல. மோசம்னு சொல்ல முடியாது.

சரி, இப்படிச் செய்வோம். இதை எல்லாம் என்னோடதுல சேர்த்துடறேன். இன்னிக்கு வியாழன். சனிக்கிழமைக்குள்ள ஐந்தாம் பதிப்புன்னு குழுவுல போட்டுடறேன். அப்புறம் நான் எழுதிக் கொடுக்கறதுல பொய் எதுவும் இல்லையே. மேடு என்கிட்ட இருக்கும், பலகை என்கிட்ட இருக்கும். அவர்கிட்ட இருந்தது எல்லாம் அழிச்சாச்சா? எல்லாத்தையுமா? இந்த பென் டிரைவ்ல இருக்கறது மட்டும்தானா மிச்சம்? நல்லது. அப்பதான் ரெண்டு டவர் பிரச்னை வராது. தொட்டியை மட்டும் மஞ்சளாவே வச்சுக்கறேன், என் அடையாளம் அது. இல்ல, இல்ல, விசாரணைக்கு ஒத்துப்போகணும். நீலமே இருக்கட்டும்.

இந்தாங்க. போட்டாச்சு. தேதியும் போட்டிருக்கேன். திங்கக்கிழமை நான் நேர்ல வரணும்னாலும் வர்றேன், அவங்களா கூப்பிட்டா டிக்கெட் கேக்க மாட்டான்ல?

பைலட் இனிமே என்ன சொல்றார்னு பார்ப்போம்.

இன்னும் என்னம்மா? சொல்லுங்க. பேரா?

ஓரத்துல சின்னதாவா. யார் கண்ணுக்கும் படாத இடமா இருந்தாலும் பரவாயில்லையா. அந்தப் பச்சைக் கேட்டு மேலயாவது சவரின்னு மூணெழுத்தா.

அவர் சொல்லி விட்டாரா, நீங்களா கேக்கறீங்களா? நீங்களாத்தான். அதானே பார்த்தேன், அவருக்கு விஷயம் தெரியும். பேரைப் போட முடியாதும்மா. யோசிச்சுப் பாருங்க, அவர் பேரு என் சீனரியில இருந்தா அந்த அதிகாரி என்ன நினைப்பார்? யார்கிட்டேர்ந்து யார் எடுத்ததுன்னு குழப்பம் வந்துடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அப்புறம் அந்த வீடுகளும் விலக்குக் கட்டத்துல போயிடும், ரெண்டு கிலோமீட்டரை நான் மாத்தப் போறதில்ல, கம்ப்யூட்டர் பாரம் தாங்காது.

இனிமே ஏதாவது கட்டறதா இருந்தா முன்கூட்டியே என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. அடுத்தவன் உழைப்புல கை வைக்கக் கூடாதுன்னு நல்லவிதமாவே சொல்லுங்க. திட்டாதீங்க, பாவம்.

ஏன் இன்னும் நிக்கறீங்க? கையெழுத்துதான் போட்டாச்சே.